அயர்லாந்தில் அரசாங்கம் சொல்வதை ஏன் யாரும் நம்புவதில்லை?

லிஃபிக்கரையான் எழுதியது:

அமைச்சர் ஒருவர் வானொலியில் "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னால், டப்ளினில் என் அலுவலக உணவறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். கோபம்கூட வருவதில்லை. இத்தனைக்கும் லஞ்சம் கொடுக்காமல் எந்தச் சான்றிதழையும் வாங்க முடிகிற நாடு இது. பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சிரிப்பு என்று பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

1981 பிப்ரவரி 14 அதிகாலை. வடக்கு டப்ளினில், ஆர்ட்டேன் பகுதியில் ஸ்டார்டஸ்ட் என்ற நடன விடுதி தீப்பிடித்தது. 48 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள், அக்கம்பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டிக்கெட் வாங்காமல் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று அவசரக் கதவுகளில் சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். கழிவறை ஜன்னல்களுக்குக் கம்பி, அதன் மேல் இரும்புத் தகடு. 1982இல் வந்த விசாரணை அறிக்கை உரிமையாளர்களின் பாதுகாப்புக் குறைகளைக் கண்டித்தது. கூடவே, தீ "அநேகமாக வேண்டுமென்றே வைக்கப்பட்டது" என்றும் எழுதிவைத்தது. நேரடிச் சான்று எதுவும் இல்லை. அந்த ஒற்றை வரியைக் காட்டி உரிமையாளர்கள் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு வாங்கினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்குக் கிடைத்ததோ, நடனமாடப் போனவர்களில் யாரோ ஒருவர்தான் கொளுத்தினார் என்ற பழி.

சான்றில்லாத அந்த முடிவை அரசுப் பதிவேட்டிலிருந்து நீக்க 2009 வரை ஆயிற்று. புதிய மரண விசாரணை நடந்து, 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னது 2024 ஏப்ரல் 18 அன்று. தீயின் மூலம், மதுக்கூடத்தை ஒட்டிய அலமாரி ஒன்றில் ஏற்பட்ட மின்கோளாறு. ஐந்து நாள் கழித்துப் பிரதமர் சைமன் ஹாரிஸ் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 43 ஆண்டுகள்! பல தாய் தகப்பன்மார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தீ விபத்து எந்த ஊரிலும் நடக்கும். அதன் பிறகு அரசு கொடுத்த பதில்தான் மூன்று தலைமுறையாக அந்தத் தெருக்களில் பேசப்படுகிறது. இங்குள்ள அவநம்பிக்கையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?


கணக்குப்பிள்ளை எழுதியது:

தலைப்பையே ஒத்துக்கொள்ள மாட்டேன். நாடுகளை ஒப்பிடும் கருத்துக்கணிப்புகளில் அரசின் மேலும் செய்தி ஊடகத்தின் மேலும் அயர்லாந்துக்காரர்களுக்கு உள்ள நம்பிக்கை சராசரியைவிட அதிகமாகவே வருகிறது. கொரோனா காலத்தில் 2021 முடிவதற்குள் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டார்கள். அரசை நம்பாத ஜனம் இப்படி வரிசையில் நிற்குமா?

உணவறைச் சிரிப்பை வைத்து ஒரு நாட்டை எடை போடாதீர்கள் தம்பி. வாயால் நம்பாததைக் கையால் செய்கிற ஜனங்கள் இவர்கள்.

ஆனால் உங்கள் கருத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு சம்பவம் என் துறையிலேயே உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2008 செப்டம்பர் இறுதியில் ஓர் இரவில் வங்கிகளின் 44,000 கோடி யூரோ கடன்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. மக்கள் தலையில் கடைசியாக விழுந்தது சுமார் 6,400 கோடி. 2010 நவம்பரில் நாடு சர்வதேச நிதியத்திடம் கையேந்தப் போகிறது என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு. அமைச்சர்கள் கேமரா முன்னால் நின்று, அது வெறும் கற்பனை என்றார்கள். சில நாள்தான். 18ஆம் தேதி காலை, மத்திய வங்கியின் ஆளுநர் பேட்ரிக் ஹோனஹன் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யின் வானொலிக் காலைச் செய்திக்குத் தாமே தொலைபேசியில் பேசி, ஆயிரக்கணக்கான கோடிகளில் கடன் வரும் என்று எதிர்பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். 21ஆம் தேதி அரசு ஒத்துக்கொண்டது. தன் நாடு திவாலான சேதியை மக்கள் காலை உணவு சாப்பிடும்போது வங்கி ஆளுநர் வாயால் கேட்டார்கள், அமைச்சர் வாயால் அல்ல.


டெரி வாசி எழுதியது:

இதெல்லாம் நேற்று முளைத்ததா? எண்ணூறு ஆண்டு அந்நிய ஆட்சி. அதிகாரி வாயைத் திறந்தாலே பொய் என்பது இந்த மண்ணில் பழைய பாடம். நான் இன்னும் பிரிட்டனின் கீழ் உள்ள வடக்கு அயர்லாந்தில் இருக்கிறேன். 1972 ஜனவரி 30 அன்று எங்கள் ஊரில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள். சில வாரங்களில் அவசரமாக முடித்த விட்ஜெரி விசாரணை ராணுவத்துக்குச் சாதகமாக எழுதியது. இறந்தவர்கள் யாரும் ஆபத்தை விளைவிக்கவில்லை என்று சேவில் அறிக்கை சொன்னது 2010இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.


ஆவணக்காரி எழுதியது:

டெரி வாசி, உங்கள் ஊருக்கு அது பொருந்தும். தெற்கே பொருந்தாது. அந்நிய ஆட்சிதான் காரணம் என்றால் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அறுபது ஆண்டுகளை எப்படி விளக்குவீர்கள்? 1970களின் தொடக்கத்தில் கத்தோலிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாரந்தோறும் பூசைக்குப் போனார்கள். பாதிரியார் சொன்னால் வேதம், ஆயர் சொன்னால் சட்டம். இவர்கள் சந்தேகப் பிராணிகள் அல்லர். கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள். அதனால்தான் அடி இவ்வளவு ஆழமாக விழுந்தது.

டப்ளின் மறைமாவட்டத்தில் சிறுவர்கள் மீது நடந்த பாலியல் வன்கொடுமைகளை ஆராய்ந்த மர்ஃபி அறிக்கை 2009 நவம்பரில் வந்தது. அதில் ஓர் இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நஷ்டஈட்டுக்கு மறைமாவட்டப் பணத்தைக் கொடுத்தீர்களா என்று செய்தியாளர்கள் முன்பு ஒருமுறை கேட்டிருந்தார்கள். கர்தினால் டெஸ்மண்ட் கானல், மறைமாவட்ட நிதி அதற்குப் "பயன்படுத்தப்படுவதில்லை" என்று பதில் சொன்னார். "பயன்படுத்தப்படவில்லை" என்று தாம் சொல்லவில்லையே என்பது பின்னால் அவர் கொடுத்த விளக்கம். பணம் ஏற்கெனவே போயிருந்தது. கேட்பவர் தப்பாகப் புரிந்துகொண்டால் அது அவர் பாடு, பேசுபவர் பொய் சொல்லவில்லை என்று இதற்கு இறையியலில் ஒரு சமாதானமே வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த ஒருவர் அடுத்த நாள் அரசு அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு வினைச்சொல்லையும் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார்.


கால்வே செவிலி எழுதியது:

மருத்துவத் துறை பற்றி நான் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் இடத்தின் கதை எதுவும் இதில் கிடையாது, எல்லாம் பொதுவெளியில் உள்ளவை.

சவிதா ஹலப்பனவர் பெயரை நம்மில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பத்தில் கால்வே மருத்துவமனைக்கு வந்தார். கரு தங்காது என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருக்கிறது என்பதால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. ரத்தத்தில் கிருமி பரவி 28ஆம் தேதி இறந்தார். "இது கத்தோலிக்க நாடு" என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகக் கணவர் கூறியபோது, ஒரு துக்கக்காரரின் பேச்சு என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. அடுத்த ஏப்ரலில் மரண விசாரணையில், ஆம், சொன்னேன் என்று மகப்பேறு செவிலியர் ஒருவரே சாட்சியம் கொடுத்தார்.

பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. சுகாதாரத் துறை அமைத்த முதல் விசாரணைக் குழுவில் அதே மருத்துவமனையின் மருத்துவர்கள் மூவர் இருந்தார்கள்! நோயாளி இறந்த இடத்து ஆட்களே நோயாளி இறந்த காரணத்தை விசாரிப்பதாம். கணவர் ஒத்துழைக்க மறுத்த பிறகுதான் மூவரையும் மாற்றினார்கள். குழுவுக்குத் தலைமை வகித்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் பேராசிரியராக இருந்த மகப்பேறு நிபுணர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை பூசி மெழுகவில்லை. கண்காணிப்பில் இருந்த ஓட்டைகளையும், சட்டம் மருத்துவர்களின் கையைக் கட்டியிருந்ததையும் வெளிப்படையாக எழுதியது. 2018 மே மாத வாக்கெடுப்பில் அந்தச் சட்டப்பிரிவு போனது, நூற்றுக்கு 66 பேர் நீக்கச் சொன்னார்கள்.

அதே 2018இல்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை விவகாரமும் வெடித்தது. தவறான பரிசோதனை முடிவால் பாதிக்கப்பட்ட விக்கி ஃபெலன் என்ற பெண் 25 லட்சம் யூரோ நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். அவர் நின்றதால்தான் மற்ற கதையெல்லாம் வெளியே வந்தது. நோய் வந்த 221 பெண்களின் பழைய மாதிரிகளை மறுபடி பார்த்தபோது முன்பு சொன்ன முடிவு மாறியிருந்தது. அது தெரிந்தும் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லவில்லை. விசாரித்த மருத்துவர் கேப்ரியல் ஸ்காலியிடம் ஒரு குடும்பம் சொன்னது அறிக்கையிலேயே இருக்கிறது: நோயைப் பற்றி விளக்கம் கேட்கப் போனவர்களிடம், "கன்னியாஸ்திரீகளுக்கு இந்தப் புற்றுநோய் வருவதில்லை" என்றாராம் மருத்துவர்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு பிடிக்காது. தவறிய மாதிரி எல்லாம் அலட்சியம் ஆகாது. பரிசோதனை வேலை செய்தது, அதனால் உயிர்கள் தப்பின, திட்டம் தொடர வேண்டும் என்றுதான் ஸ்காலியும் சொன்னார். குற்றம் மறைத்ததில் இருந்தது. இந்த வித்தியாசத்தைப் பல செய்தித்தாள்கள் அன்று சொல்லவில்லை. பாதிப்பை நாங்கள் வார்டில் சந்தித்தோம்: "உங்கள் ரிப்போர்ட்டை எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.


சைக்கிள்காரர் எழுதியது:

காவல்துறையை விட்டுவிட்டீர்களே! குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று ஊதச் சொல்லும் சோதனை. 2011 நடுவிலிருந்து 2016 முடிய கிட்டத்தட்ட 20 லட்சம் சோதனை செய்ததாக, கார்டா எனப்படும் இங்குள்ள போலீஸின் கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஊதும் கருவிகளுக்குள்ளேயே எண்ணிக்கை பதிவாகும். அதில் இருந்தது சுமார் 10.5 லட்சம். மீதி ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேர் யார் வாயில் ஊதினார்கள்? பின்னால் இன்னும் பழைய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்ததில் இல்லாத சோதனைகள் 14 லட்சத்தைத் தாண்டின.

உள்ளேயிருந்து கேள்வி கேட்ட சார்ஜென்ட் மாரிஸ் மெக்கேப்பின் கதி என்ன? போக்குவரத்து அபராதப் புள்ளிகள் வேண்டியவர்களுக்கு ரத்தாவதைச் சொன்னார். குழந்தைகள் நல அமைப்பான டுஸ்லாவின் கோப்பில், வேறொரு வழக்கின் பாலியல் குற்றச்சாட்டு அவர் பெயரில் ஒட்டப்பட்டிருந்தது. வார்ப்புருவை அழிக்காமல் தட்டச்சு செய்ததால் நேர்ந்த பிழையாம். ஆணையர் மார்ட்டின் கேலினன் அவருக்கு எதிராக அவதூறு பரப்பினார் என்று நீதிபதி சார்ல்டன் 2018இல் எழுதினார். மெக்கேப் நேர்மையானவர் என்பதையும் சேர்த்துத்தான்.


பழைய பேப்பர் எழுதியது:

ஊடகத்துக்கு வருகிறேன், நெடுநாள் அதில் உழன்றவன் என்ற உரிமையில்.

முதலில் வாய்ப்பூட்டு. ஒலிபரப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி 1970களிலிருந்து 1994 ஜனவரி வரை, ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவோடு தொடர்புடைய ஷின் ஃபெய்ன் கட்சிக்காக யாரும் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பேச முடியாது. 1972இல் ஒரு பேட்டிக்காக ஆர்.டி.இ. நிர்வாகக் குழு மொத்தத்தையும் அரசு வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகு பயம் எந்த அளவுக்குப் போனது தெரியுமா? 1990இல் டப்ளினில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். தொழிலாளர்களின் பேச்சாளர் லாரி ஓ'டூல் அந்தக் கட்சியின் உறுப்பினர். கேக் தொழிற்சாலையைப் பற்றித்தான் பேசுவார், அரசியல் பேச மாட்டார். ஆனாலும் அவர் குரலை ஒலிபரப்ப மாட்டோம் என்றது ஆர்.டி.இ. அவர் நீதிமன்றம் போனார். சட்டமே அவ்வளவு தூரம் கேட்கவில்லை, நீங்களாகவே நீட்டிக்கொண்டீர்கள் என்று 1993இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அரசு குனியச் சொன்னது, இவர்கள் தவழ்ந்தார்கள்.

இன்னொன்று 2015. தொழிலதிபர் டெனிஸ் ஓ'பிரையனின் வங்கி விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் கேத்தரின் மர்ஃபி பேசினார். அவையில் பேசியதை வெளியிட அரசியலமைப்பே பாதுகாப்புத் தருகிறது. ஆனாலும் நீதிமன்றத் தடை ஒன்று இருந்ததால் பெரிய ஊடகங்கள் வக்கீல்களைக் கேட்டுவிட்டுக் கம்மென்று இருந்தன. அந்தத் தடை நாடாளுமன்றப் பேச்சுக்குப் பொருந்தாது என்று நீதிபதி தெளிவுபடுத்த ஜூன் 2 ஆயிற்று. அந்த ஐந்து நாளும் மக்கள் பேச்சின் பிரதியை இணையத்தில் தாங்களே படித்துக்கொண்டிருந்தார்கள். "பேப்பரில் வராததுதான் உண்மை" என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல உரம் யாரும் போட முடியாது.

ஆனால் இதே ஆர்.டி.இ.தான் 1999இல் மேரி ராஃப்டரி எடுத்த ஆவணத் தொடரை ஒளிபரப்பி, தொழிற்பள்ளி என்ற பெயரில் துறவியர் நடத்திய விடுதிகளில் குழந்தைகள் பட்ட கொடுமையை வெளியே கொண்டுவந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார், ஆணையம் பிறந்தது. அதே ஆர்.டி.இ.தான் 2011இல் ஒரு பாதிரியார் மீது கொடிய பொய்க் குற்றச்சாட்டை ஒளிபரப்பி 2 லட்சம் யூரோ அபராதம் கட்டியது. தொகுப்பாளர் ரயன் டப்ரிடிக்குக் கொடுத்த 3,45,000 யூரோவை வெளிக்கணக்கில் காட்டாதது 2023இல் தெரியவந்தது. நாடாளுமன்றக் குழு தோண்டத் தோண்ட, விருந்து ஒன்றுக்கு ரப்பர் செருப்பு வாங்கிய செலவு சுமார் 5,000 யூரோ என்று வந்தது. 160 யூரோ தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு லட்சங்கள் மறந்துபோயின. செருப்பு மறக்கவில்லை.

ஆக, "ஊடகம் பொய்" என்று மொத்தமாகச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, யார் ஆசிரியர் என்று கேட்பேன்.


நேர்பேச்சு எழுதியது:

நல்லது. திருச்சபை மறைத்தது, அரசு மறைத்தது, போலீஸ் மறைத்தது, ஊடகம் மறைத்தது என்று நீங்களே பட்டியல் போட்டுவிட்டீர்கள். அப்படியானால் குடியேற்றம் பற்றி உண்மையைச் சொல்லவில்லை என்று 2023 நவம்பரில் தெருவில் இறங்கியவர்களை மட்டும் ஏன் கும்பல் என்கிறோம்? அவர்களுக்கு மட்டும் சந்தேகப்படும் உரிமை கிடையாதா? ஒரு கிராமத்தில் மூடிக்கிடக்கும் ஓட்டலை யாரிடமும் கேட்காமல் புகலிடம் கேட்டு வந்தவர்களுக்குத் தங்குமிடமாக மாற்றினால் அந்த ஊர்க்காரர் என்ன நினைப்பார்?


லிஃபிக்கரையான் எழுதியது:

ஓட்டல் கேள்வி நியாயமானது. ஊருக்கு முன்கூட்டியே சொல்லாமல் செய்தது மடத்தனம், பழைய பழக்கம் போகவில்லை.

நவம்பர் 23 வேறு. பார்னெல் சதுக்கத்தில் பள்ளிக்கு வெளியே குழந்தைகளைக் கத்தியால் குத்தினான் ஒருவன். மாலைக்குள் அவன் வெளிநாட்டுக்காரன் என்ற பேச்சு பரவி, இரவில் பஸ், டிராம், போலீஸ் வண்டி எல்லாம் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. கத்திக்காரனைத் தலைக்கவசத்தால் அடித்து வீழ்த்தியவர் உணவு விநியோகிக்கும் பிரேசில்காரர், கயோ பெனிசியோ. அன்றிரவு வெளிநாட்டு முகம் என்று தேடியவர்கள் கையில் அவரே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2025 ஜூலையில் டப்ளின் புறநகரான டலாட்டில் ஓர் இந்தியரை அடித்து, ஆடையை உருவி, ரத்தத்தோடு விட்டுப் போனார்கள். குழந்தைகளிடம் தப்பாக நடந்தார் என்று இணையத்தில் கிளப்பிவிட்டார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றது போலீஸ். "போலீஸ் சொன்னால் நம்ப வேண்டுமா?" என்று பதில் போட்டார்கள். சைக்கிள்காரர் எழுதிய அதே மெக்கேப் கதையை மேற்கோள் காட்டியவர்களும் அதில் உண்டு. மெக்கேப் பட்ட பாட்டை அடகு வைத்து இவர்கள் கடன் வாங்குகிறார்கள்.


ஆவணக்காரி எழுதியது:

நேர்பேச்சு, சந்தேகப்படும் உரிமை எல்லாருக்கும் உண்டு. சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள்.

டூவம் என்ற சிற்றூரில் 1925 முதல் 1961 வரை திருமணமாகாத தாய்மார்களுக்காகக் கன்னியாஸ்திரீகள் நடத்திய தாய்–சேய் இல்லம் ஒன்று இருந்தது. உள்ளூர் வரலாறு எழுதும் இல்லத்தரசி கேத்தரின் கார்லெஸ், அங்கே இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பணம் கட்டி எடுத்தார். ஒன்றுக்கு 4 யூரோ. 796 வந்தன. அத்தனை பேரும் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று கல்லறைப் பதிவேடுகளில் தேடினால் கிட்டத்தட்ட ஒருவர் பெயரும் இல்லை. அந்த இடத்தில் அப்படிப் புதைகுழி எதுவும் இல்லை என்று துறவியர் சபையின் சார்பில் செய்தியாளர்களுக்குப் பதில் போனது. 2014இல் உலகப் பத்திரிகைகள் விஷயத்தைக் கையில் எடுத்து, ஊதிப் பெருக்கி, பிறகு சில திருத்தங்களும் வெளியிட நேர்ந்தது. உடனே "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கார்லெஸ் தாம் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. 2017 மார்ச்சில், நிலத்தடி அறைகளில் கணிசமான அளவு குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை அரசு அமைத்த விசாரணை ஆணையமே உறுதி செய்தது. 2025 ஜூலையில் முறையான அகழ்வு தொடங்கியது.

அவர் 796 முறை காசு கட்டினார். டலாட்டில் அந்த மனிதரை அடித்தவர்கள் எந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள்?


நேர்பேச்சு எழுதியது:

காகிதம் கேட்டால் கொடுக்கிறார்களா அக்கா? அதே தாய்–சேய் இல்ல ஆணையம் 550 பேரின் சாட்சியப் பதிவுகளை அழித்ததே. இறுதி அறிக்கை பாதிக்கப்பட்டவர்கள் கையில் கிடைக்கும் முன்பே பத்திரிகையில் கசிந்ததே.


கணக்குப்பிள்ளை எழுதியது:

இடையில் ஒன்று. 2024 மார்ச் வாக்கெடுப்பை யாரும் சொல்லவில்லை. பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரவு. ஆனாலும் குடும்பம் பற்றிய அரசியலமைப்புத் திருத்தத்துக்கு நூற்றுக்கு 67 பேருக்கு மேலும், பராமரிப்பு பற்றிய திருத்தத்துக்கு கிட்டத்தட்ட 74 பேரும் "வேண்டாம்" என்றார்கள். கடை எரியவில்லை, யார் மண்டையும் உடையவில்லை. வாசகத்தின் பொருள் என்ன என்று கேட்டார்கள், அரசிடம் தெளிவான பதில் இல்லை, பென்சிலால் குறியிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நம்பாமையை இப்படியும் காட்டலாம்.


ஆவணக்காரி எழுதியது:

நேர்பேச்சு, அழித்தது உண்மை. பாதிக்கப்பட்ட பெண்கள் விடாமல் போராடியதால் காப்புப் பிரதியிலிருந்து அவை மீட்கப்பட்டதும் உண்மை.

தகவல் உரிமைச் சட்டம் இங்கே 1997இல் வந்தது. தோண்டுகிறார்கள் என்று பயந்து 2003இல் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 15 யூரோ கட்டணம் வைத்தார்கள். 2014இல் அது போயிற்று. உங்கள் ஊர் ஓட்டலுக்கு யார் ஒப்பந்தம், எவ்வளவு தொகை, உள்ளூராட்சிக்கு எப்போது தெரிவித்தார்கள் என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். நான்கு வாரத்தில் பதில் வர வேண்டும். மறுத்தால் அதே துறையில் மறுஆய்வு, அதிலும் மறுத்தால் தகவல் ஆணையர்.


நேர்பேச்சு எழுதியது:

எழுதுகிறேன். பாதிப் பக்கம் கறுப்பு மை பூசி வந்தால் இங்கேயே ஒட்டிவிடுவேன்.


ஆவணக்காரி எழுதியது:

ஒட்டுங்கள். எந்தப் பிரிவைக் காட்டி மறைத்தார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் சேர்த்து ஒட்டுங்கள். மறுஆய்வுக்கு அதுதான் வேண்டும். வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.